எலும்பு கூடும்வரை பேர் காத்திருக்கட்டும்

(கொட்டகலையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீட்டுக் காணி, சேமலாப நிதி என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று ஓர் எலும்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே கெட்டியாகத் தட்டுப்படும். அதுதான் கணைக்கால் எலும்பு. தொடை எலும்புக்குச் சுற்றிலும் சதை இருக்கிறது. இதற்கு முன்பக்கம் வெறும் தோல்தான். அதனால் உடைந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது, மண்ணும் அழுக்கும் உள்ளே போய்விடுகின்றன. கூடுவதற்கும் நாள் எடுக்கிறது.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மழை நாளில் சரிவில் கொழுந்தோடு வழுக்கி விழுகிறோம். கான் வெட்டும் இடத்தில் கல் உருண்டு வருகிறது. வீதியில் த்ரீவீல் புரள்கிறது. பிறகு என்ன நடக்கிறது? விழுந்தவரை லயத்துக்குத் தூக்கி வந்து, காயத்தில் கோப்பித் தூளை வைத்து, விடியட்டும் பார்க்கலாம் என்கிறோம். அப்புறம் கட்டுப் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், பேர் இல்லை, கடைக்கடன் ஏறிவிட்டது என்று அதே காலோடு மலைக்கு ஏறுகிறார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும் என்று அதையும் விட்டுவிடுகிறார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உடைந்த காலுக்கு முதல் சில மணி நேரம் அவசரம் வேண்டும், அதற்குப் பிறகு பல மாதம் பொறுமை வேண்டும். நாம் பொறுக்கக் கூடாத நேரத்தில் பொறுக்கிறோம், பொறுக்க வேண்டிய நேரத்தில் அவசரப்படுகிறோம். இதை ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து ஆராய்ந்தவர்களின் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் அவசரம். கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. அங்கே டொக்டர் எஸ். ராஜசேகரனும் அவரோடு வேலை செய்தவர்களும், தோல் கிழிந்து கணைக்கால் எலும்பு மோசமாக உடைந்த 109 காயங்களைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டார்கள். காலைக் காப்பாற்றலாமா, துண்டிக்க வேண்டி வருமா என்று தீர்மானிக்க உதவும் கணக்கு அது. தோலுக்கு ஒன்று முதல் ஐந்து புள்ளி, எலும்புக்கு ஒன்று முதல் ஐந்து, தசைக்கும் நரம்புக்கும் ஒன்று முதல் ஐந்து. இதற்கு மேல் ஏழு பாதகமான காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. மொத்தம் 14 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். அதை எட்டினால் துண்டிப்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டி வரும். கடைசி முடிவு சத்திர சிகிச்சை நிபுணருடையதுதான்.

அந்த ஏழில் இரண்டை மட்டும் கேளுங்கள். ஒன்று, காயம் பட்டு 12 மணி நேரத்துக்குப் பிறகுதான் தியேட்டரில் சுத்தம் செய்யக் கிடைப்பது. மற்றது, சாக்கடையோ மாட்டுத் தொழுவ அழுக்கோ காயத்தில் சேர்வது. விடியட்டும் என்று நாம் லயத்தில் கழிக்கும் இரவு இருக்கிறதே, அது மட்டுமே இரண்டு புள்ளியைக் கூட்டிவிடும். எலும்பு எப்படி உடைய வேண்டும் என்பது நம் கையில் இல்லை. அந்த இரவு நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஆள் விழுந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ள வேண்டாம். கோப்பித் தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, இரண்டு பக்கமும் பலகை வைத்து, கால் ஆடாமல் கட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் சாப்பிடவோ தேநீர் குடிக்கவோ கொடுக்காதீர்கள். விழுந்த நேரத்தைக் குறித்து அனுப்புங்கள். ஏற்பு ஊசியும் அன்டிபயோட்டிக் மருந்தும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

தியேட்டரில் காயத்தை எதைக் கொண்டு கழுவுவது என்பதற்கும் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,447 பேர். 2015இல் முடிவு வந்தது. சோப்புக் கரைசலால் கழுவியவர்களை விட வெறும் உப்புநீரால் கழுவியவர்களுக்கு மறு சத்திர சிகிச்சை குறைவாகவே தேவைப்பட்டது. நீரை வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தால் கூடுதல் பலன் இல்லை. நம்ம ஊர் அரச ஆஸ்பத்திரியில் இருக்கும் உப்புநீர் யாருக்கும் குறைந்தது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பொறுமை. கனடா, அமெரிக்கா, நெதர்லாந்து நாடுகளில் 29 ஆஸ்பத்திரிகளில், எலும்புக்குள் கம்பி போட்ட 1,319 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். எலும்பு கூடவில்லை என்று தோன்றினாலும் ஆறு மாதத்துக்கு முன் அதற்காக மறுபடி அறுக்கக் கூடாது. முடிவில், கூடாத எலும்புக்காகக் கம்பியை மாற்றவோ எலும்பு வைக்கவோ வேண்டியிருந்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பலருக்கு எலும்பு கேட்டது காலத்தை மட்டும்தான்.

சீக்கிரம் கூட்ட வழி இல்லையா என்று கேட்பீர்கள். ஒலி அலையைச் செலுத்தும் கருவி ஒன்று வெளிநாடுகளில் நல்ல விலைக்கு விற்றது. கணைக்கால் உடைந்த 501 பேரில் ஒரு பாதிக்கு உண்மைக் கருவி, மறு பாதிக்கு ஒன்றும் செய்யாத போலிக் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு: இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகவே சீக்கிரம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது கருவியையோ எண்ணெயையோ விற்க வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். எலும்பு கூடுவதைக் கெடுப்பது எது என்பதும் தெரிந்ததுதான். பீடி, சிகரெட், கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வியாதி.

பொறுமை என்றால் லயத்தில் சும்மா படுத்திருப்பது என்று அர்த்தம் இல்லை. கிளினிக்குக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பது. டொக்டர்கள் எக்ஸ்ரேயில் எலும்பின் நான்கு பக்கத்தையும் பார்க்கிறார்கள். புது எலும்பு வரவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு ஒன்று. புது எலும்பு வந்தும் முறிவுக் கோடு தெரிந்தால் இரண்டு. கோடு மறைந்தால் மூன்று. அப்படிக் கூட்டினால் நான்கில் தொடங்கிப் பன்னிரண்டில் முடியும். வலி குறைவது வேறு, எலும்பு கூடுவது வேறு. வலி போன பிறகும் கோடு இருக்கலாம். அதைப் படம்தான் சொல்லும். நான்கு, ஆறு மாதம் எடுப்பது வழக்கம்தான், தோல் கிழிந்த முறிவுக்கு அதற்கு மேலும் ஆகலாம். "கோடு மறைந்துவிட்டதா டொக்டர், எவ்வளவு பாரம் ஊன்றலாம்?" என்று கேளுங்கள்.

முறிவு, நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியர் மீது நம்மவர்களுக்கு நம்பிக்கை உண்டு. அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் தோல் கிழிந்த முறிவை முதலில் அங்கே கொண்டு போக வேண்டாம். யார் கட்டிய கட்டாக இருந்தாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தால், விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி வந்தால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே தசை நெரிபட்டுச் சாகத் தொடங்குகிறது என்பதற்கு அது அடையாளம். இரவு என்று பார்க்கக் கூடாது.

தோழர்களே, பொறுமையாக இரு என்று சொல்வது சுலபம். பேர் இல்லாமல் ஆறு மாதம் எப்படிப் பொறுப்பது? இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் கொடுப்பவர் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்கக் கையில் காகிதம் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒன்று, விபத்து நடந்த அன்றே நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒபிசில் எழுத வைத்து, கமிட்டிக் கொப்பியிலும் எழுதுவது. இரண்டு, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படம் மூன்றும் தொலையாமல் ஒரே உறையில் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, டொக்டர் எழுதித் தந்தால் சரிவில் ஏறாத லேசான வேலை கொடுக்கும்படி துரையிடம் பேசுவது, கிளினிக் நாளில் துணைக்கு ஆள் அனுப்புவது.

கூடாத காலோடு மலைக்கு ஏறி இன்று போடும் ஒரு பேருக்காக, வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய பேர்களை இழந்துவிடக் கூடாது. இந்த மூன்றையும் உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள்.