கரை நெய்தவர் பார்க்காத கரை

(தலைப்பு: குடும்பச் சுற்றுலா இனிமையாக அமையத் திட்டமிட வேண்டியவர்கள் பெரியவர்களே! இளையவர்களே! ‘இளையவர்களே’ அணியில் பேசியது)

   

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். “பணம் நம்ம பணம், அனுபவம் நம்ம அனுபவம், பதினைந்து வயசுப் பிள்ளைக்கு என்னய்யா தெரியும்?” நல்ல கேள்வி. போன ஏப்ரல் வரைக்கும் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். (சிரிப்பு)

நான் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கப்பா தறி நெய்தவர். கோர்வைச் சேலை நெய்தால் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் ஆகாது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கக் கரைக்கு நாடாவைத் தள்ளப் பக்கத்திலேயே இன்னொரு ஆள் வேணும். எங்க வீட்டில் அந்த இன்னொரு ஆள் நான்தான். விடுமுறை வந்தால் மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், நான் தறிக்குப் போவேன்.

இங்கிருந்து மாமல்லபுரம் எவ்வளவு தூரம்? செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 65 கிலோமீட்டர். எங்கப்பா ஐம்பது வருஷம் சேலைக்குக் கரை போட்டார். கடற்கரையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். “இந்தப் பாவு முடியட்டும், போலாம்” என்பார். பாவு முடியும். அடுத்த பாவு வந்துவிடும்.

போதாக்குறைக்கு 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். மாமல்லபுரம் அந்தப் பக்கம் போய்விட்டது. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இருந்த கடலும் போச்சு! (பலத்த சிரிப்பு) ஏரி இருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம்.

அதனால் போன ஏப்ரலில் ஒரு வைராக்கியத்தோடு நானே திட்டம் போட்டேன். தமிழ்ப் பேராசிரியர் போட்ட திட்டம், சும்மா இருக்குமா? மூன்று நாள். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக்கோட்டை, புதுச்சேரி, பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி. விடியற்காலை நாலு மணிக்கு வேன். நிமிஷக் கணக்குப் போட்டு, தாளில் அச்செடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல மூச்சு விடறதுக்கு எத்தனை மணிங்க?” என்றாள். (சிரிப்பு)

மாமல்லபுரத்தில் சொன்னேன்: “நம்ம ஊர்க் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன்தானம்மா இந்தக் கடற்கரைக் கோயிலையும் கட்டினான். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.” தரங்கம்பாடிக்குப் போனோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய கதை, 1706இல் சீகன்பால்கு வந்திறங்கி, பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய கதை, எதையும் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் என் மகள் காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம். “உனக்காகத்தானே இவ்வளவு செலவு?” என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லா இடத்திலும் வேனிலேயே இருந்துகொண்டார்கள். திரும்பி வரும்போது, செங்கல்பட்டு தாண்டியாச்சு, மெதுவாகக் கேட்கிறார்கள்: “ஏண்டா, கடலுக்குக் கூட்டிப்போறேன்னு சொன்னியே, எப்ப எறங்கப் போறோம்?”

அய்யா, மூன்று நாள் கடலோரமாகவே ஓடியிருக்கிறோம். ஒருத்தர் கால் நனையவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொன்னாள்: “அப்பா, நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூணு நாளா நான் பார்த்தது உங்க முதுகைத்தான்.” நடுவர் அவர்களே, எத்தனையோ மேடையில் எதிரணி என்னை வாரியிருக்கிறது. இந்த மாதிரி ஒரு அடி வாங்கியதில்லை.

காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தது. “இந்தத் தடவை நீ போடும்மா” என்றேன். அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஆயாகிட்டப் போய் உட்கார்ந்தாள். “ஆயா, உனக்கு என்ன பார்க்கணும்?” எனக்கு இது தோன்றவே இல்லையே! ஐம்பது வயசு தாண்டியும் பெற்ற தாயைப் பார்த்து அந்த ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. “தண்ணியில காலை வைக்கணும்டி” என்றார்கள். அவ்வளவுதான் திட்டம்.

ஒரே ஊர், இரண்டு நாள். கீழ்த்தளத்தில் அறை. கழிவறை எங்கே, மணலில் எவ்வளவு தூரம் நடக்கணும், உட்கார நாற்காலி கிடைக்குமா, எல்லாம் எழுதியிருந்தாள். என் பட்டியலில் பல்லவன் இருந்தான், பாத்ரூம் இல்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) முதல் நாள் மாலை கடல் மட்டும். கோயில் மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள்.

பிள்ளைகளிடம் விட்டால் ஆபத்து என்றார் எதிரணித் தலைவர். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் போய், “அண்ணா, இங்க இறங்கலாமா?” என்று கேட்டது அவள்தான். “இழுக்கும் பாப்பா, கணுக்காலோட நிறுத்திக்கோங்க” என்றார். வேட்டியை மடித்துக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்குக் கிளம்பிய பெரிய மனுஷன் நான்! (சிரிப்பு) குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை மறந்துபோனாள். எட்டு மணிக்கு இட்லி தேடி நான்தான் தெருத்தெருவாக அலைந்தேன். அந்த அனுபவம் நமக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவை ஒரு பக்கம் பேத்தி பிடித்துக்கொண்டாள், ஒரு பக்கம் நான். அலை வந்து காலைத் தொட்டது. நுரை வெள்ளையாக மணலில் பரவி, அப்படியே பின்னால் போகிறது. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: “சரிகை மாதிரி கரையைப் போடுது, உடனே பிரிச்சுடுது பாரேன். உங்கப்பா பார்த்திருந்தா, வேலை தெரியாதவன் தறிடி இதுன்னு திட்டியிருப்பாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எதுவும் பேசவில்லை. நான் பேசாமல் நின்ற ஒரே சுற்றுலா அதுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு செய்தி. அரையாண்டு விடுமுறைக்கான பட்டியல் நேற்று என் கைக்கு வந்தது. ஊர், தரங்கம்பாடி. மாலை நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை, கடல். அதற்குக் கீழே எழுதியிருக்கிறாள்: “அப்பா பேச்சு, 15 நிமிடம்.” (பலத்த சிரிப்பு) நீங்கள் கொடுத்ததை விட அஞ்சு நிமிஷம் அதிகம், நடுவர் அவர்களே!  (கைதட்டல்)