இழக்காத பார்வைக்கு என்ன கணக்கு?



கண்புரை அறுவை செய்துகொண்டவர், கட்டு அவிழ்த்ததுமே பலனைத் தம் வாயால் சொல்லிவிடுவார். குளுக்கோமா என்ற கண் நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மருந்து வேலை செய்தாலும் பார்வை கூடாது. குறையும் வேகம்தான் தணியும். கண் எரிச்சலும் சிவப்பும் உடனே தெரிகின்றன. நன்மையோ பத்தாண்டு கழித்தும் தெரிவதில்லை. அதை நோயாளியின் பக்கமிருந்து அளப்பது எப்படி என்பதே ஈப்போவில் கூடியுள்ள இக்கருத்தரங்கின் பொருள்.

மருந்து இழப்பைக் குறைக்கிறதா என்பதில் ஐயமில்லை. பிரிட்டனில் 516 பேரிடம் நடந்து, 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அதைக் காட்டியது. இரண்டாண்டுக்குள் பார்வைப் புலம் மோசமானவர்கள், மருந்தில்லாச் சொட்டு பெற்றவர்களில் 25.6 விழுக்காடு, லட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்து பெற்றவர்களில் 15.2 விழுக்காடு. ஆனால் இது கருவி பதிந்த வேறுபாடு. மாடிப்படியில் இறங்கும்போது கால் தடுமாறியதா என்று கருவி கேட்பதில்லை.

கருவிக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இந்த இடைவெளியின் அகலம் பெக்செட்டாகோப்லான் ஊசியில் வெளிப்பட்டது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி திட்டுத்திட்டாகத் தேயும் நோய்க்கான மருந்து அது. இரண்டாண்டில் தேய்மானம் பரவும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; எழுத்து வாசிப்பிலோ அன்றாட வேலைகளிலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்கா 2023 பிப்ரவரியில் அனுமதி தந்தது. விழித்திரைப் படத்தில் திட்டு மெதுவாக வளர்வது மட்டும் நோயாளிக்கு நன்மையாகிவிடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் மறுத்துவிட்டது.

அப்படியானால் நோயாளியையே கேட்கலாமே? கேட்கிறார்கள். 2001இல் வெளியான 25 கேள்விகளின் அமெரிக்கப் பட்டியல் உலகெங்கும் புழங்குகிறது. நாளிதழ் வாசிப்பது, கார் ஓட்டுவது, சினிமா நாடகம் பார்க்கப் போவது எல்லாம் அதில் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத, ஸ்டீயரிங்கைத் தொடாத ஒருவர் அதில் எதற்குப் பதில் சொல்வார்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளின் பார்வைத் திறனையும் வாழ்க்கைத் தரத்தையும் அளந்து 1997இலேயே வெளியிட்டார்கள். உள்ளூர் நோயாளிகளிடமே கேட்டு அளக்கும் அந்த வழி இங்கும் தேவை.

ஈப்போ இருக்கும் பேராக்கில் இது அவசரமும்கூட. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் விழித்திரையைத் தாக்கினால், லேசர் சிகிச்சையும் பெரும்பாலும் இருப்பதைக் காக்கவே செய்யப்படுகிறது. இங்கே விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவியவர்கள், தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபின் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு: இருட்டில் மோட்டார் ஓட்டும்போது பக்கத்தில் வரும் லாரி தெரிகிறதா? இன்சுலின் அளவைத் தாமே பார்த்துப் போட முடிகிறதா? கல்லுமலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் துணையின்றி நடக்க முடிகிறதா?

சிகிச்சையின் சுமையும் கணக்கில் வர வேண்டும். குளுக்கோமாவுக்கு லேசரையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்ட 2019 பிரிட்டன் ஆய்வில், பொதுவான வாழ்க்கைத் தர மதிப்பெண் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் லேசர் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டு வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வர ஒருநாள் கூலியை விடுபவருக்கு இது சிறிய செய்தியல்ல. வாழ்க்கைத் தர மதிப்பெண்ணில் அந்த வேறுபாடு பதியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்ல மெல்லப் பார்வை குறையும்போது மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். இரவில் வெளியே போவதை நிறுத்திவிட்டு, எந்தச் சிரமமும் இல்லை என்பார்கள். எனவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கேள்விகளும் தொடங்க வேண்டும். கைவிட்ட வேலைகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். அதே நோயாளியின் பார்வைப் புலச் சோதனையோடு பதில்களை ஆண்டுதோறும் ஒத்துப்பார்க்க வேண்டும். இக்கருத்தரங்கின் முதல் அமர்வின் வேலை, அப்படியொரு தமிழ் வினாப்பட்டியலுக்கு முன்வரைவு எழுதுவது. அதை மருத்துவர்கள் மட்டும் எழுதாமல், கிளினிக்கில் காத்திருப்போரிடம் முதலில் படித்துக்காட்டி, அவர்களுக்குப் பொருந்தாத கேள்விகளை நீக்கும்படி தலைமை கேட்டுக்கொள்கிறது.