'நன்றி' என்றொரு ஆயர்



முதல் வாசகம் முடிந்ததும் "இறைவா உமக்கு நன்றி" என்கிறோம், பாதி வாயில். இலத்தீன் திருப்பலியில் அதே பதில் "தேயோ கிராசியாஸ்". வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் இதைப் பிள்ளைகளுக்குப் பெயராகவே வைத்தார்கள். முழு வாக்கியத்தையே பெயராக்குவது அவர்களிடம் இருந்த வழக்கம். 'கடவுள் விரும்புவது' என்று பொருள்படும் குவோத்வுல்த்தேயுஸ் கார்த்தேஜ் நகர ஆயர். 439இல் வாண்டல் மன்னன் கெய்சரிக் நகரைப் பிடித்து, அவரைக் கப்பலேற்றித் துரத்தினான். 15 ஆண்டுகள் ஆயரில்லை. 454இல் வந்தவர்தான் தேயோகிராசியாஸ்.

மறு ஆண்டே வாண்டல்கள் உரோமையைச் சூறையாடி, பெருந்திரளான கைதிகளோடு திரும்பினார்கள். (அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆரியுசின் போதனையைப் பின்பற்றியவர்கள்.) பங்கு பிரிக்கையில் கணவன் ஒருவனுக்கு, மனைவி இன்னொருவனுக்கு, பிள்ளைகள் வேறெவனுக்கோ. ஆயர் திருவழிபாட்டுப் பொன், வெள்ளிப் பாத்திரங்களை எல்லாம் விற்று அவர்களை மீட்டார். நம் பங்குப் பேரவையில் இதைக் கேட்டால் மூன்று கூட்டமாவது நடக்கும்!

மீட்டவர்களைத் தங்கவைக்க இடமில்லை. இரண்டு பெரிய ஆலயங்களைத் திறந்து, கட்டில் போட்டு, வைக்கோல் பரப்பினார். நோயாளிகளை மருத்துவர்களோடு பகலிலும் சுற்றிவந்தார், இரவிலும் சுற்றிவந்தார். அவருக்கோ தள்ளாத வயது. உதவிக்கு அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் எல்லாரும் 'இறைவனுக்கு நன்றி' என்றே அழைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

மூன்றே ஆண்டில் இறந்தார். அப்போது அந்த உரோமை மக்கள், தாங்கள் மீண்டும் பகைவர் கையில் சிக்கிவிட்டதாகவே எண்ணினார்கள் என்று அதே நூற்றாண்டின் ஆயர் வீத்தா விக்டர் எழுதியிருக்கிறார்.