கழிவும் கருவியும்
(இந்து வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமய மேடையிலே குப்பையைப் பற்றிப் பேசலாமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நமது ஆலயங்களிலே அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தைத் தரிசித்திருப்பீர்கள். கூப்பிய கரங்களோடு உழவாரப் படையையும் தாங்கி நிற்பார். புல்லைச் செதுக்கித் திருவீதியைத் துப்புரவு செய்யும் கருவி அது. தொண்டுக்கு மனம் வேண்டும். மனத்தோடு ஏற்ற கருவியும் வேண்டும். இன்று ஊரைத் துப்புரவு செய்யும் தொழிலாளியின் கையிலே நாம் கொடுத்திருக்கும் கருவி யாது? இதுவே எனது பேச்சின் பொருள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், குப்பையை அகற்றுவதைச் சபையின் கடமையாக்கியது. அத்துடன், சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும், அதனை விற்கச் சபைக்கு உரிமை உண்டென்றும் கூறுகிறது. சட்டம் சொத்தென்று கூறும் பொருளை நாம் மலையாகக் குவித்து வந்தோம். 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே, குப்பைமேட்டில் உணவு தேடிய யானைகள் பொலித்தீனை விழுங்கி இறந்த செய்தியை 2022இல் உலகமே படித்தது. விநாயகரை வணங்கும் நாம் இதனைக் கேட்டு வாளாவிருக்கலாமா?

ஆகவே கருவிகளைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதனை முதலில் வாங்குவது? பெரிய பொறி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது தவறு. குப்பையை நசுக்கி ஏற்றும் லொறியைப் பாருங்கள். தெருவைக் கண நேரத்தில் வெறுமையாக்கும், உண்மைதான். ஆயினும் கலந்த குப்பையை அதில் இட்டால், சோற்றுநீர் கடதாசியில் ஊறும். போத்தல் உடைந்து மண்ணோடு சேரும். பின்பு அதனைப் பிரிப்பவர் கைதான் கிழியும். நமது நாட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது ஈரமான சமையற் கழிவு என்பதை மறவாதீர்கள்.

முதலாவது தேவை, உழவு இயந்திரத்தின் பெட்டியைத் தட்டிகளால் அறைகளாகப் பிரிப்பது. இதற்குப் பெருஞ் செலவில்லை. ஊர்ப் பட்டறையே போதும். இரண்டாவது, கூரையின் கீழ் இடுப்பளவு உயரத்தில் ஒரு பிரிக்கும் மேசை. வசதியுள்ள சபை அதற்குப் பதிலாக ஓடும் பட்டியை அமைக்கலாம். நாள் முழுவதும் குனிந்து கிளறுபவரின் முதுகெலும்பும் எலும்புதானே! தடித்த கையுறையும் காலணியும் இதனோடு சேர்ந்தவை.

மூன்றாவது, அழுத்திக் கட்டும் பொறி. வெறும் பிளாஸ்டிக் போத்தல்களை ஏற்றிய லொறி பெரும்பாலும் காற்றையே சுமந்து செல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் காற்றைச் சுமந்தால், வாடகையே வருவாயை விழுங்கிவிடும். அழுத்திக் கட்டினால் அதே லொறி பலமடங்கு சரக்கை ஏற்றும்.

நான்காவது, கூட்டெருவைச் சலிக்கும் சுழல் சல்லடை. இலைகுழையும் சமையற் கழிவும் மக்கும்போது குவியலின் வெப்பம் 55 பாகை செல்சியசையும் கடக்கும். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அவியும். ஆனால் கண்ணாடித் துண்டு அவியாது. சலிக்காத எருவில் ஒருமுறை கை வெட்டுப்பட்ட கமக்காரர், மறுமுறை அந்த எருவை வாங்க வருவாரா?

பொறி வாங்கும் பணத்தோடு, பழுது பார்க்கும் பணத்தையும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். உதிரிப்பாகம் இன்றித் துருப்பிடிக்கும் பொறியும் ஒரு குப்பையே.

எரித்து மின்சாரம் எடுக்கலாமே என்று பெரியோர் கேட்கலாம். 2021இல் கெரவலப்பிட்டியில் அத்தகைய நிலையம் தொடங்கப்பெற்றது. அதற்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன் குப்பை வேண்டும். சிறிய பிரதேச சபை ஒன்றால் அந்தத் தீயை அணையாது காக்க இயலாது.

இளைஞர்களே! இனி உங்கள் பங்கு. வீட்டிற் பிரியாத குப்பையை எந்தப் பொறியும் செவ்வையாகப் பிரித்துவிடாது. வருகின்ற திருவிழாவிலே, தண்ணீர்ப்பந்தலருகிலும் அன்னதான மடத்திலும் நிறத் தொட்டிகளை வையுங்கள். பச்சையில் வாழையிலையும் உணவும், நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்டிக், சிவப்பிற் கண்ணாடி, மண்ணிறத்தில் உலோகம். தொட்டிக்கு ஒருவர் நின்று அடியார்களுக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். போத்தலின் மூடியை வேறாகக் கழற்றுங்கள். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் அல்ல. நீரில் இட்டால் போத்தற் துண்டு அமிழும், மூடி மிதக்கும். சிறுவருக்கு இதனைக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் சேர்ந்ததைத் தராசில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சபை வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் காலத்தில் அந்தக் கொப்பியோடு தவிசாளரைக் காணுங்கள். எந்தப் பொறி, எவ்வளவு பெரிய பொறி என்ற கேள்விக்கு நிறுத்த கணக்கே விடை சொல்லும். கணக்கின்றி வாங்கிய பொறி ஒன்றில் பசித்திருக்கும், அன்றேல் திணறும்.

பெரியோர்களே, பிள்ளைகள் தொட்டியருகில் நிற்கும்போது, "இது நமக்கேன்?" என்று தடுக்காதீர்கள். அரசர்கள் போற்றிய அப்பர் பெருமானே உழவாரத்தைக் கையில் எடுத்தார். குப்பை அள்ளுபவரைத் தாழ்வாக எண்ணும் ஊர், எத்தனை பொறி வாங்கினும் துப்புரவாகாது. அவரும் திருத்தொண்டரே என்று மதிப்போமாக. எல்லாம் வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக.