மட்டை இல்லாத கோல் காப்பாளர்

உடப்புக் கடற்கரையில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிற எனக்கு இன்று பேசக் கிடைத்த தலைப்பு, புளோர்போல் கழகங்களின் சம்பியன்ஸ் கிண்ணம். பனி நாட்டு ஆட்டம் நமக்கெதற்கு என்று வானொலியை மாற்றிவிடாதீர்கள். சுவிஸில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால், அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் யூனிஹொக்கி என்று ஆடுவது இதைத்தான்.

மண்டபத்துக்குள் நடக்கிற ஆட்டம். 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம், சுற்றிவர அரை மீற்றர் உயரப் பலகை. பந்து பிளாஸ்டிக், 26 துளைகள், எடை வெறும் 23 கிராம். பக்கத்துக்கு ஐந்து பேர், அவர்களோடு ஒரு கோல் காப்பாளர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. களைத்தவரை ஆட்டம் ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம்.

என் மனம் நிற்பது அந்தக் கோல் காப்பாளரிடம். மற்ற எல்லார் கையிலும் மட்டை, அவருக்கு இல்லை! முகமூடி போட்டு, முழங்காலில் நின்று, 160 சென்ரிமீற்றர் அகலக் கோலைக் கையாலும் உடம்பாலும் மறிக்க வேண்டும். பலர் கையுறைகூடப் போடுவதில்லை. பிடித்த பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. எறிந்தால், நடுக்கோட்டைத் தாண்டமுன் தரையில் பட வேண்டும். பிடிப்பதோடு வேலை முடியாது, பார்த்தீர்களா? அடுத்த தாக்குதலைத் தொடங்கிவைப்பதும் அவரேதான்.

என்னிடம் காப்பாளராக நின்ற பெடியங்களில் அநேகர் கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விடியவே வலை இழுத்துவிட்டு நேரே பயிற்சிக்கு வருவார்கள். கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை. ஒருவனுக்குக் கையுறை கொடுத்தால், "பந்து கைக்குத் தெரியாது சேர்" என்று திருப்பித் தந்துவிடுவான். சம்பியன்ஸ் கிண்ண ஆட்டமொன்றைக் காணொளியில் பார்த்த கையோடு, அவனை இரண்டு செருப்புக்கு நடுவே முழங்காலில் இருத்தி, கிட்ட நின்று டெனிஸ் பந்தால் எறிந்தேன். முழங்கால் மணலில் எரிகிறது என்று முணுமுணுத்தானே தவிர, பந்தை விடவில்லை. அம்மாமாரே, முழங்கால் உறை இல்லாமல் வீட்டில் இதைச் செய்ய விடாதீர்கள்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். 1993இல் ஐரோப்பியக் கிண்ணமாகத் தொடங்கியது. 2011இல் சம்பியன்ஸ் கிண்ணமாயிற்று. சுவீடன், பின்லாந்து, சுவிஸ், செக் நாட்டுக் கழகங்கள்தான் இதில் பெரிய ஆட்கள். ஆனால் கழகம் என்றதும் பட்டணத்தை நினைக்காதீர்கள். பேர்ன் மாநிலத்தில் வீலர், எர்சிகன் என்று இரண்டு சின்ன ஊர்கள். இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட வீலர்-எர்சிகன் கழகம் 2005இல் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. ஊர்க் கழகம் என்று நம்மை நாமே குறைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

வெயில் நாட்டுக்கும் இந்த ஆட்டம் ஒத்துவரும். 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவிலேயே இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். ஆடியில் தீமிதிப்புக்கு ஊர் வருகிற உங்கள் வெளிநாட்டு உறவினரிடம், சொக்லேட்டுக்குப் பதிலாக நாலு மட்டையும் இரண்டு பந்தும் கொண்டுவரச் சொல்லுங்கள். சீமெந்துத் தரை போட்ட மண்டபம் ஒன்று கிடைத்தால் போதும், பழக்க நான் வருகிறேன்.