மலையேறித்தான் படிக்க வேண்டுமா மலையகப் பிள்ளை?

(கண்டியில் நடைபெற்ற பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இணையவழிக் கல்வியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். அது வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காட நான் வரவில்லை. அது வந்துவிட்டது. வந்த கல்வி யார் வீட்டுக்குள் நுழைந்தது, யார் வீட்டு வாசலோடு திரும்பிப் போயிற்று என்பதே என் கேள்வி.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொள்ளைநோயின் பெயரால் நாட்டின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். "பாடசாலை மூடினாலும் பாடம் நிற்காது" என்றார்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சிப் பாடங்கள் இருந்தன. சூம், வாட்ஸ்அப் என்று புதிய வகுப்பறைகள் முளைத்தன. கண்டி நகரத்துப் பிள்ளை மேசைமுன் அமர்ந்து கணினியைத் திறந்தது. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் லயக் காம்பிராவில் இருந்த பிள்ளை எதைத் திறக்கும்?

கொழுந்து இறங்கியது, பாடம் ஏறவில்லை

2019 இல் இந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான் கணினி இருந்தது. தோட்டப்புறத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? நாட்கூலி ஆயிரம் ரூபாயென வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். ஒரு கைப்பேசி வாங்க ஒரு மாத உழைப்பைக் கொடுக்க வேண்டும். வாங்கினாலும் வீட்டுக்கு ஒன்று. படிக்கும் பிள்ளைகளோ மூவர். அண்ணனுக்குச் சாதாரண தரம், தங்கைக்குப் புலமைப்பரிசில், தம்பிக்கு மூன்றாம் வகுப்பு. யாருடைய பாடத்தை நிறுத்துவாள் தாய்?

கைப்பேசி கிடைத்தால் டேட்டா இல்லை. டேட்டா கிடைத்தால் அலைவரிசை இல்லை. பதுளைப் பகுதியில் போஹிதியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், ஆசிரியையுடன் காடு கடந்து, பாறை ஏறிப் பாடம் பெற்றதை 2021 இல் உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. அப்பிள்ளைகளின் ஊக்கத்தைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் பாறை ஏறாமல் படிக்க வழி செய்யாதவர்களை யார் கேட்பது?

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை நட்டார். அந்த மலையிலிருந்து கொழுந்தை இறக்கப் பாதை வெட்டினார்கள், இருப்புப்பாதை போட்டார்கள், கப்பலேற்றினார்கள். மலையிலிருந்து செல்வம் இறங்க வழி கண்டவர்களுக்கு, மலைக்குக் கல்வி ஏற மட்டும் வழி தெரியாமற்போனது ஏன்?

இலவசம் என்பதன் பொருள்

1945 அக்டோபர் முதல் நாள் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்றது சட்டம். தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் கையிலேயே கிடந்து, 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. நாடு பெற்றதைத் தோட்டம் ஒரு தலைமுறை பிந்திப் பெற்றது. வகுப்புக் கட்டணம் போய் டேட்டாக் கட்டணம் வந்தால், அந்தப் பழைய பிந்துதலே புதிய உருவில் திரும்புகிறது.

"முடியாத காரியத்தைக் கேட்கிறீர்கள்" என்பார்கள். முடியும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பேராதனை வளாகத்திலிருந்து இயங்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக, 2020 இல் அரச பல்கலைக்கழக மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றி விரிவுரைகளில் சேர்ந்தார்கள். தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு துணைநின்றது. பல்கலைக்கழகத்துக்கு முடிந்தது பாடசாலைக்கு ஏன் முடியாது?

கடல் கடந்தும் பாருங்கள். கேரளம் 2020 ஜூன் முதல் நாளிலேயே தொலைக்காட்சி வகுப்புகளைத் தொடங்கி, கருவியில்லாத பிள்ளைகள் கூடிப் பார்க்கப் பொது இடங்களில் ஏற்பாடு செய்தது. தமிழ்நாடு 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கி, மாலை நேரங்களில் பிள்ளைகளின் குடியிருப்புக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. கருவி போகாத இடத்துக்கு மனிதன் போனான். இதுதான் பாடம்!

ஆசிரியரும் வேண்டும், அலைவரிசையும் வேண்டும்

கொள்ளைநோய் போய்விட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். 2022 இல் எரிபொருள் இல்லையென்று மீண்டும் பாடசாலைகள் மூடின. மீண்டும் இணையம் என்றார்கள். அதே ஆண்டு மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றது. நாளை மண்சரிவு வரலாம், வேறொன்று வரலாம். மூடும் போதெல்லாம் நம் பிள்ளையே பின்தங்குவது என்றால் அது விபத்தன்று, அநீதி.

இன்னொன்றும் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் இன்றித் தவிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் பல. கண்டியில் ஒருவர் நடத்தும் பௌதிகப் பாடம் மடுல்கலைக்கும் புசல்லாவைக்கும் ஒரே வேளையில் போய்ச் சேர இணையம் உதவும். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன். ஆனால் அதைக் காட்டி ஆசிரியர் நியமனத்தை நிறுத்த இடம் கொடாதீர்கள்! திரை கணக்கைக் காட்டும். கண் கலங்கிய பிள்ளையின் அருகில் வந்து நிற்காது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஈ-தக்சலாவவும் பாடசாலை வகுப்புகளும் டேட்டாக் கட்டணமின்றித் திறக்க வேண்டும். தோட்டந்தோறும் பிள்ளைகள் கூடிப் படிக்க, மின்சாரமும் இணையமும் கணினியும் உள்ள ஒரு மண்டபம் வேண்டும். இணையம் எட்டாத பிரிவுகளுக்கு அச்சிட்ட பாடம் வீடு தேடி வர வேண்டும். ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

தாய்மார்களே! அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு லயத்துக்கு வருவோரிடம், தகரமும் சீமெந்தும் கேட்பதற்கு முன் இந்த நான்கையும் கேளுங்கள். "எங்கள் தோட்டத்துப் பிள்ளை எங்கே இருந்து படிக்கும்?" என்று ஒவ்வொருவரும் கேட்டால், பதில் சொல்லாமல் மலையிறங்க ஒருவராலும் முடியாது.