பெயரைத் திருடுவோர்

(கண்டியில் உழவரும் தோட்டத் தொழிலாளரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

   

ஆட்டைத் திருடுவார்கள், மாட்டைத் திருடுவார்கள். ஆளையே திருடுவார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். திருடுவார்கள். இந்தக் கண்டிச் சீமையிலே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே திருடியிருக்கிறார்கள்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். ஈராண்டு கழிந்தது. 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் ஒருவன் தோன்றித் தன்னைத் துரைசாமி என்றும், நாயக்கர் குலத்து வாரிசு என்றும் சொல்லிக்கொண்டான். மக்கள் திரண்டனர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலவே அப்பக்கம் சேர்ந்தார். வந்தவனோ துரைசாமியும் அல்லன், நாயக்கனும் அல்லன். வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு. கிளர்ச்சி முடிவதற்குள் உண்மை வெளிப்பட்டுவிட்டது. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொல இதே கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அந்த எழுச்சியின் நியாயம் வேறு. அதை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஒருவன் இன்னார்தான் என்று காட்ட வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லாத காலம் அது என்பதையே சொல்லுகிறோம்.

இன்று சான்று இருக்கிறது. அந்தச் சான்றே திருடனுக்கும் வாசலாகிவிட்டது!

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. பிரஜைகளுக்கே அந்த அட்டை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்ட நம் மலையக மக்களில் எத்தனையோ பேர் அதைக் கையில் வாங்க எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிச்சமிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அப்படிப் பெற்ற அட்டையை இன்று எவ்வளவு எளிதாக நீட்டிவிடுகிறோம்!

அந்த இலக்கத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்படும். 1985 மார்ச் முதல் நாள் பிறந்த ஒரு சகோதரியின் இலக்கம் 85561 என்று தொடங்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாளே கணக்கு. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு எண் கொண்ட இலக்கத்தில் ஆண்டு முழுதாகவே நிற்கிறது. ஆக, இலக்கத்தைக் கொடுத்தவர் தம் வயதையும் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். தொலைபேசியில் ஒருவன் உங்கள் பிறந்த நாளைச் சரியாகச் சொன்னால், அவன் வங்கியிலிருந்துதான் பேசுகிறான் என்று நம்பிவிடாதீர்கள்.

திருடிய பெயரால் என்ன செய்வார்கள்? கைபேசி இணைப்பு எடுப்பார்கள். அந்த இணைப்பைக் கொண்டு வேறொருவரை ஏமாற்றுவார்கள். பொலிஸார் தேடி வருவதோ உங்கள் லயத்துக் கதவை! உங்கள் பெயரில் கடன் வாங்குவார்கள். குழுக்கடன் என்று வந்து, தமிழில் ஒரு வரியும் இல்லாத படிவத்தில் கையொப்பம் கேட்டால், வாசித்துச் சொல்ல ஆள் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். ஐயம் உடையவர்கள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில் தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். தம் பெயரில் எங்கே என்ன கடன் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

உழவர்க்கு இதைவிடப் பெரிய ஆபத்து காணியில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. கையொப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் அறிந்திருக்க வேண்டும். சாட்சிகளும் திருடனின் கூட்டாளிகளானால்? உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அவர் பெயரில் வேறொருவர் வந்து அமர்ந்து ஒப்பமிட்டால்? ஆகவே மகன் கனடாவில், மகள் சென்னையில் என்று காணியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது காணிப் பதிவகத்தில் தங்கள் காணிக்குரிய ஏட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். செலவு சிறிது, அலைச்சல் கொஞ்சம் உண்டு, அதை மறைக்கவில்லை.

உத்தியோகத்தர்களே, பாதிக் குற்றம் நம்மிடமும் இருக்கிறது. பயனாளர் பட்டியல் என்று பெயரையும் அடையாள இலக்கத்தையும் தொலைபேசி எண்ணையும் பலகையில் ஒட்டுகிறவர்கள் யார்? பழைய விண்ணப்பங்களைக் கடலை மடிக்கும் தாளாகப் போகவிடுகிறவர்கள் யார்? நாமும் ஒருநாள் கடையொன்றில் பொருள் வாங்கியபோது அட்டையின் பிரதி கேட்டார்கள். எதற்கென்று கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் போய்க் கேட்டால், அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை!

சட்டம் இல்லாமல் இல்லை. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றம். 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் எழுதப்பட்ட சட்டம் அது. படி ஏறுவதற்குள் திருடன் ஓடிவிடுகிறான் என்பதே நம் குறை.

அதுவரை பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே, எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரியத்துக்கு, எந்த நாளில் கொடுத்தோம் என்று மையால் எழுதிக் கொடுங்கள். அட்டை தொலைந்தால் அன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவன் எவனாயினும், அண்ணன் குரலில் பேசினாலும், சொல்லாதீர்கள்.

கூட்டம் கலைந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். கடன் அறிக்கைக்கான விண்ணப்பத்தை எழுதித்தர இரண்டு ஆசிரிய நண்பர்கள் இருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் போதும். அவர்களிடமும் பிரதி கொடுக்க வேண்டாம்.